புசியா எல்லைச் சாவடியும் வெளியூர்க் காசும்: கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் தாமாகச் சேர்கின்றனவா, சேர்த்து வைக்கப்படுகின்றனவா?

#1 கணக்குப்பிள்ளை

கம்பாலாவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் கணக்கு எழுத வந்து பதினோரு வருடம் ஆகிறது. போன வாரம் ஒரு கன்டெய்னர் விஷயமாக புசியா வரை போக வேண்டியிருந்தது. கென்யா, உகாண்டா இரண்டும் தொட்டுக்கொள்ளும் ஊர். வேலை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது மனதில் ஓடியதை இங்கே கொட்டிவிடுகிறேன், தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

புசியாவில் இருப்பது ஒரே நிறுத்தச் சாவடி. 2018 பிப்ரவரியில் அப்போதைய கென்ய அதிபர் உஹுரு கென்யாட்டாவும் உகாண்டா அதிபர் முசெவெனியும் சேர்ந்து வந்து முறைப்படி திறந்தார்கள். பழைய முறையில் கென்யாப் பக்கம் ஒரு வரிசை, அப்புறம் நடுவில் கொஞ்சம் புழுதி, அதைத் தாண்டினால் உகாண்டாப் பக்கம் முதலிலிருந்து இன்னொரு வரிசை. இப்போது உகாண்டா போகிறவர் கென்யாப் பக்கம் நிற்கவே வேண்டாம், நேராக உகாண்டா மண்ணில் இருக்கும் கட்டடத்துக்குள் போனால் ஒரு கவுன்டரில் கென்யாக்காரர் வெளியேறும் முத்திரை குத்துவார், பக்கத்துக் கவுன்டரில் உகாண்டாக்காரர் உள்ளே வரும் முத்திரை குத்துவார். எதிர்ப்பக்கம் போகிறவருக்கு இதே கதை கென்யா மண்ணில். ஒரு நாட்டு அதிகாரி அடுத்த நாட்டு மண்ணில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தன் நாட்டுச் சட்டத்தை நடத்துகிறார் என்பது லேசுப்பட்ட விஷயம் இல்லை, இதற்கென்றே இந்த வட்டார நாடுகளின் கூட்டமைப்பான கிழக்கு ஆப்பிரிக்க சமூகம் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது.

சரி, கட்டடத்துக்குக் காசு யாருடையது? 2010-இல் நைரோபியில் தொடங்கிய டிரேட்மார்க் ஈஸ்ட் ஆப்பிரிக்கா என்ற அமைப்பு வழியாக வந்தது. அதற்குப் பணம் போட்டவர்கள் பிரிட்டன், கனடா, டென்மார்க், நெதர்லாந்து, பெல்ஜியம், அமெரிக்கா இப்படி ஒரு பட்டியல். தெற்கே கென்யா–தான்சானியா எல்லையில் நமங்கா சாவடிக்கு ஜப்பான் கடனும் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கிக் கடனும். தான்சானியாவின் அருஷாவில் இந்த சமூகத்தின் தலைமையகக் கட்டடமே ஜெர்மனி கட்டிக் கொடுத்தது, 2012-இல் குடிபோனார்கள்.

என் கேள்வி சின்னது. பக்கத்து வீட்டுக்காரனோடு நடுச்சுவரில் ஒரு கதவு வைக்க, ஏழு கடல் தாண்டி இருப்பவன் காசு தர வேண்டுமா? அவன் காசில் வைத்த கதவு எத்தனை நாள் திறந்திருக்கும்?

கேட்பதற்குக் காரணம் கடுனா. கம்பாலா–கிகாலி பிரதான சாலையில், உகாண்டாவும் ருவாண்டாவும் சந்திக்கும் இடம். 2019 பிப்ரவரி கடைசியில் ருவாண்டா அந்த வழியில் லாரிகளை நிறுத்தியது. சொன்ன காரணம் என்ன தெரியுமா? "ஒரே நிறுத்தச் சாவடி கட்டும் வேலை நடக்கிறது, லாரிகள் ககிடும்பா வழியாகச் சுற்றிப் போகட்டும்." எல்லையை எளிதாக்கக் கட்டும் கட்டடத்தையே சாக்காகச் சொல்லி எல்லையை மூடினார்கள். இரண்டொரு நாளில் தன் மக்களையும் உகாண்டா போகாதே என்று சொல்லிவிட்டது. இரு தலைவர்களுக்கும் இடையில் உளவு, கிளர்ச்சிக்காரர்களுக்கு ஆதரவு என்று பரஸ்பரக் குற்றச்சாட்டு. மறுபடி திறந்தது 2022 ஜனவரி 31. மூன்று வருடம் கணக்குப் புத்தகத்தில் கிகாலி என்ற பக்கமே கிட்டத்தட்ட வெறுமையாகக் கிடந்தது.


#2 சாம்பேசிக்கரை

நல்ல இழை. நான் லுசாகா. உங்கள் கேள்விக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பதில் உண்டு, கசுங்குலா பாலம்.

சாம்பியாவுக்கும் போட்ஸ்வானாவுக்கும் பொதுவான எல்லை எவ்வளவு நீளம் என்று யாராவது கேட்டால் சிரிப்பீர்கள், சாம்பேசி ஆற்றின் நடுவில் வெறும் 150 மீட்டர் சொச்சம். நாலு நாடு கிட்டத்தட்ட ஒரே புள்ளியில் வந்து முட்டுகிற இடம் அது, ஒரு பக்கம் நமீபியாவின் மூக்கு, இன்னொரு பக்கம் ஜிம்பாப்வே. பாலம் வருவதற்கு முன்னால் அங்கே இரண்டு மிதவைப் படகு மட்டும். ஒரு நேரத்தில் ஒரு பெரிய லாரி ஏறும், அக்கரை போகும், திரும்பும். கரையில் லாரிகள் நாள்கணக்கில் கிடக்கும், மோசமான காலத்தில் வாரமும் தாண்டும். டிரைவர்கள் லாரிக்கு அடியில் அடுப்பு வைத்து ஞ்சிமா என்கிற மக்காச்சோள மாவுக் களி கிண்டிக்கொண்டிருப்பார்கள், துணி துவைத்து வண்டிப் பக்கவாட்டில் காயப்போட்டிருப்பார்கள், ஒரு தெருவே அங்கே குடியேறின மாதிரி இருக்கும்.

நேராகக் கட்டினால் ஜிம்பாப்வே நீர்ப்பரப்பைத் தொட வேண்டும். முகாபே காலத்து ஜிம்பாப்வே ஒத்துவரவில்லை. அதனால் பாலத்தை வளைத்தார்கள். 923 மீட்டர், வாழைப்பழம் மாதிரி வளைந்து, சாம்பியாவில் ஏறி போட்ஸ்வானாவில் இறங்கும். நடுவில் ரயில் தண்டவாளத்துக்கும் இடம் விட்டிருக்கிறார்கள், ரயில்தான் இன்னும் வரவில்லை. செலவு சுமார் 26 கோடி டாலர். பணம் ஜைகா என்கிற ஜப்பானிய முகமையின் கடன், ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியின் கடன், கொஞ்சம் ஐரோப்பிய நிதி. கட்டியது கொரியாவின் தேவூ. திறந்தது 2021 மே 10.

கவனியுங்கள், இதில் பெரும்பங்கு கடன், தானம் இல்லை. இரண்டு அரசுகளும் திருப்பிக் கட்டியாக வேண்டும். கடன் என்றால் வீட்டுக்காரனும் கையெழுத்துப் போட்டிருக்கிறான் என்று அர்த்தம். அப்படிப்பட்ட கதவை லேசில் மூட மாட்டான். இது என் கட்சி.


#3 உப்புமூட்டை

கணக்குப்பிள்ளை சார், நீங்கள் கதவைப் பார்க்கிறீர்கள், நான் கதவு வைத்துக் கொடுக்கிறவனின் இன்னொரு கையைப் பார்க்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியம் கிழக்கு ஆப்பிரிக்க ஒருங்கிணைப்புக்கு வருடா வருடம் நிதி கொடுக்கிறது. அதே ஐரோப்பிய ஒன்றியம் பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தம் என்று ஒன்றை நீட்டியது. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த ஐந்து நாடுகளில் நான்கு மிக வறிய நாடுகள் பட்டியலில் இருப்பவை, அவற்றுக்கு ஒப்பந்தம் இல்லாமலே ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் சரக்கு அனுப்பலாம். கென்யாவுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. ஆக, கென்யாவுக்கு அவசரம், மற்றவர்களுக்கு அவசரமே இல்லை. 2014 அக்டோபரில் கெடு முடிந்தது, கென்யப் பூவுக்கும் காய்கறிக்கும் ஐரோப்பா வரி போட்டது. நைவாஷா ரோஜாத் தோட்டக்காரர்கள் அலறினார்கள். அந்த மாதமே பேச்சுவார்த்தை முடிந்ததாக அறிவிப்பு வந்தது, டிசம்பரில் வரியும் போனது. இதற்குப் பெயர் கூட்டாண்மை!

2016-இல் கையெழுத்துப் போடும் நேரம் வந்ததும் கென்யாவும் ருவாண்டாவும் போட்டன, தான்சானியா முடியாது என்றது. ஒரே சுங்க ஒன்றியம், ஒரே வெளிவரி என்று சொல்லிக்கொண்டு பாதிப்பேர் மட்டும் உள்ளே போனால் அது என்ன ஒன்றியம்? கடைசியில் 2023 டிசம்பரில் கென்யா தனியாகவே கையெழுத்திட்டது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு கை கட்டுகிறது, ஒரு கை பிரிக்கிறது.

அமெரிக்காவையும் விட வேண்டாம். மிட்டும்பா தெரியும்தானே, மேற்கத்திய நாடுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பழைய துணி. உள்ளூர் நெசவும் தையலும் படுத்துவிட்டது என்று 2016-இல் கிழக்கு ஆப்பிரிக்கத் தலைவர்கள் கூடி, 2019-க்குள் இதை நிறுத்துவோம் என்று ஒரே குரலில் சொன்னார்கள். எத்தனை அபூர்வம், எல்லோரும் ஒத்துப்போன ஒரு முடிவு! அமெரிக்கப் பழந்துணி வியாபாரிகள் சங்கம் வாஷிங்டனில் மனுப் போட்டது. வரியில்லா ஏற்றுமதிச் சலுகையைப் பறிப்போம் என்று மிரட்டல் வந்ததும் கென்யா நழுவியது, அப்புறம் தான்சானியா, உகாண்டா. ருவாண்டா மட்டும் கிலோவுக்கு 20 சென்ட்டாக இருந்த வரியை 2.50 டாலராக உயர்த்தி நின்றது, 2018-இல் ஆடைக்கான சலுகையை இழந்தது. சேர்ந்து நின்றால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்த்த ஒரே தடவை, இப்படி முடிந்தது.

கட்டடத்துக்குக் காசு தருவார்கள். சேர்ந்து பேரம் பேசுகிற பலத்துக்குத் தர மாட்டார்கள்.


#4 தீப்பெட்டி

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? உதவி என்ற பெயரில் நவகாலனியம். கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் இறங்கும் சரக்கு சீக்கிரம் உள்நாட்டுக்குப் போனால் யாருக்கு லாபம், ஏற்றுமதி செய்பவனுக்குத்தானே. அவன் சரக்கு போக அவனே ரோடு போட்டுக்கொள்கிறான். அன்று ரயில், இன்று சாவடி.


#5 கணக்குப்பிள்ளை

தீப்பெட்டி தோழர், பாதி உண்மை, பாதி அவசரம்.

//அவன் சரக்கு போக அவனே ரோடு போட்டுக்கொள்கிறான்//

எதிர்ப்பக்கம் என்ன போகிறது என்று நான் தினமும் பார்க்கிறேனே. உகாண்டாவின் காப்பியில் பெரும்பகுதி மொம்பாசா வழியாகத்தான் கடலுக்குப் போகிறது, உகாண்டாவுக்குக் கடல் இல்லை. தெற்கு சூடான், ருவாண்டா, புருண்டி, கிழக்கு காங்கோ எல்லாருக்கும் இதே கதி. கடலில்லா நாட்டுக்காரனுக்கு எல்லைச் சாவடி என்பது வீட்டு வாசற்படி மாதிரி.

நான் வந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். மொம்பாசாவில் ஒரு கன்டெய்னர் இறங்கினால் கென்யாவில் ஒரு சுங்கப் பத்திரம், அது டிரான்சிட் சரக்குதான், வழியில் விற்றுவிட மாட்டோம் என்று ஒரு பாண்டு, மலாபா எல்லையில் உகாண்டாவுக்கு இன்னொரு பத்திரம், லாரி உள்ளே வந்தபின் மதிப்பீடு, வரி, அதில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால் லாரி அங்கேயே கிடக்கும். டிரைவரும் டர்ன்பாயும், நம்மூர் கிளீனரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள், சாப்பாட்டுக்குப் பணம் அனுப்பச் சொல்லி போன் மேல் போன். 2014-இல் ஒரே சுங்கப் பரப்பு என்று கொண்டுவந்தார்கள். அதிலிருந்து சரக்கு மொம்பாசா துறைமுகத்தை விட்டு நகரும் முன்பே கம்பாலாவில் வரி கட்டியாகிவிடும், ஒரே பத்திரம், கன்டெய்னர் கதவில் மின்னணு சீல், லாரி எங்கே நிற்கிறது என்று திரையில் பார்க்கலாம். 18 நாள் ஆன பயணம் நாலைந்து நாளாக ஆனது என்று அதிகாரிகள் மேடையில் சொல்வார்கள். மேடைக் கணக்கில் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொண்டாலும், என் பேரேட்டில் லாரி நிறுத்த வாடகை என்ற பத்தி எவ்வளவு மெலிந்தது என்பது எனக்குத் தெரியும்.

இதற்குப் பின்னால் இருந்த கணினி வேலைக்கும் அதிகாரிகள் பயிற்சிக்கும் வெளிக்காசு ஏராளம். ஆனால் செய்தது அந்தந்த நாட்டுத் தலைவர்கள் மூன்று பேர் உட்கார்ந்து முடிவெடுத்ததால். அப்போது முசெவெனி, ருவாண்டா அதிபர் ககாமே, கென்யாட்டா மூவரும் ஒரே மேடையில். தான்சானியாவைக் கூப்பிடவே இல்லை என்று அவர்களுக்குக் கோபம்கூட. அதே முசெவெனி, ககாமேதான் ஐந்து வருடம் கழித்து கடுனாவில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காசு அப்போதும் இருந்தது, இப்போதும் இருந்தது. உறவுதான் இல்லை.

சாம்பேசிக்கரை, உங்கள் கடன் வாதம் பிடித்திருக்கிறது, யோசிக்கிறேன்.


#6 வேர்க்கடலை

எல்லாரும் லாரியையே பேசுகிறீர்களே, தலையில் கூடை வைத்துக்கொண்டு போகிறவர்களை யாரும் பார்க்கவில்லையா?

நான் சில வருடம் அந்தப் பக்கத்து எல்லை ஒன்றில் சிறு வியாபாரப் பெண்களோடு வேலை பார்த்தேன், எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம். தக்காளி, முட்டை, வெங்காயம், விக்டோரியா ஏரியில் பிடித்துக் காயவைத்த பொடிமீன், ஒரு தார் மட்டோக்கே வாழை. ஒரு நாள் முதலீடு நம்மூர்க் கணக்கில் ரெண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் இருந்தால் அதிகம். இவர்களில் எத்தனையோ பேர் புதுச் சாவடிப் பக்கமே வர மாட்டார்கள். அத்தனை பெரிய கண்ணாடிக் கட்டடம், சீருடை, வரிசைக் கம்பி, ஸ்கேனர். அது லாரிக்காரர்கள் இடம், நமக்கு இல்லை என்று சொல்வார்கள். போகிற வழி பான்யா. பான்யா என்றால் சுவாஹிலியில் எலி. எலிவழி. சோளக்காட்டுக்கு நடுவே ஒற்றையடிப்பாதை, சாக்கடை மேல் ஒரு பலகை, அவ்வளவுதான் சர்வதேச எல்லை.

எலிவழியில் வரி இல்லை, ஆனால் இலவசமும் இல்லை. மரத்தடியில் நிற்கிற ஆளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும், சில சமயம் காசு மட்டும் கேட்க மாட்டான். கூடையைப் பிடுங்கிக்கொண்டால் கேட்க நாதி கிடையாது.

வேடிக்கை என்னவென்றால் இந்தப் பெண்கள் கட்ட வேண்டிய சுங்க வரி சுழியம். சமூகத்து நாடுகளில் விளைந்தது என்றால் வரி இல்லை, 2,000 டாலருக்குக் குறைவான சரக்குக்கு எளிமையான ஒற்றைத்தாள் சான்றிதழ் போதும், சாவடியிலேயே முத்திரை போட்டுக் கொடுப்பார்கள். யாருக்குமே தெரியாது. தெரியாமல் வைத்திருப்பதில் சிலருக்கு வருமானம். நாங்கள் செய்தது, வெளிநாட்டு நிதியில்தான், அந்தத் தாளை அவர்கள் மொழியில் படித்துக் காட்டியது, பெண்களைச் சங்கமாகச் சேர்த்தது, சாவடியில் ஒரு மேசை போட்டு "இங்கே கேளுங்கள்" என்று ஒரு ஆளை உட்கார வைத்தது. செலவு என்று பார்த்தால் அந்தக் கட்டடத்தின் கண்ணாடி துடைக்கிற காசு. ஒரு பாட்டி முதல்முறை முன்வாசல் வழியாக முட்டைத் தட்டுகளோடு போய் அந்தப்பக்கம் திரும்பி நின்று எங்களைப் பார்த்துக் கையாட்டினார், அதிகாரி ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. திட்டம் மூன்று வருடம், முடிந்தது. மேசையும் போனது. பாட்டி எந்த வழியாகப் போகிறார் என்று தெரியாது.

கொசுறு: போடா போடா என்று கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்க மோட்டார்சைக்கிள் டாக்ஸிக்குப் பெயர் இருக்கிறதே, அது பிறந்ததே இந்தப் புசியாவில்தான் என்பார்கள். இரண்டு சாவடிக்கும் நடுவில் இருந்த தூரத்தைச் சைக்கிளில் கடத்திவிடுகிறவர்கள் 'பார்டர் பார்டர்' என்று கூவிக் கூவி அது போடா போடா ஆனது. நம் ஆட்கள் முதல்முறை கேட்டால் சண்டைக்குப் போய்விடுவார்கள்!


#7 மூன்றாம்மாடி

வேர்க்கடலை சொன்னது என்னை உலுக்கிவிட்டது, ஆனால் நான் வேறு இடத்தில் குத்த வேண்டும். தலைமைச் செயலகங்கள்.

ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அடிஸ் அபாபா தலைமையகம் சீனா கட்டிக் கொடுத்தது, 20 கோடி டாலர், 2012. ஆறு வருடம் கழித்து, அங்கிருந்து தினமும் நள்ளிரவில் தகவல்கள் ஷாங்காய்க்குப் போகின்றன என்று பிரான்சின் லெ மோந்த் எழுதியது. சீனாவும் மறுத்தது, ஒன்றியமும் மறுத்தது. உண்மை எதுவோ, அப்படி ஒரு சந்தேகம் வந்தாலே வெட்கம். 2016-இல் கிகாலி மாநாட்டில், வெளியிலிருந்து வரும் இறக்குமதியில் 0.2 சதவீதம் வசூலித்து ஒன்றியத்தை நம் காசில் நடத்துவோம் என்று தீர்மானம் போட்டார்கள். சில நாடுகள் செய்தன, பல நாடுகள் இன்னும் யோசிக்கின்றன. கிழக்கு ஆப்பிரிக்க சமூகத்தில் சந்தா பாக்கி வருடா வருடம் நடக்கிற கூத்து, தெற்கு சூடான் அதில் பேர் போனது.

இன்னொரு விசித்திரம். தான்சானியா கிழக்கு ஆப்பிரிக்க சமூகத்திலும் இருக்கிறது, தெற்கு ஆப்பிரிக்க வளர்ச்சிச் சமூகத்திலும் இருக்கிறது. கென்யா கிழக்கு ஆப்பிரிக்க சமூகத்திலும் உண்டு, கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்கப் பொதுச் சந்தையான கொமேசாவிலும் உண்டு. காங்கோ இந்த மூன்றிலும் இருந்துகொண்டு மத்திய ஆப்பிரிக்கக் கூட்டமைப்பிலும் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி அலுவலகம், தனி விதி. ஒவ்வொன்றுக்கும் கொடை நாடுகள் தனித்தனியாகக் காசு தருகின்றன. சொந்தக் காசு போடுகிறவனாக இருந்தால் நாலு கல்யாண மண்டபத்துக்கு ஒரே நாளில் முன்பணம் கட்டுவானா?

சரி, சொந்தக் காசு இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் எகோவாஸ் வெளிச்சரக்கு இறக்குமதியில் 0.5 சதவீதம் பல வருடமாக வசூலிக்கிறது, சொந்த வருமானம் என்று பார்த்தால் மற்றவர்களுக்கு அண்ணன். மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் 2025 ஜனவரி 29-இல் அதை விட்டு அதிகாரபூர்வமாகவே போய்விட்டன. ராணுவ ஆட்சி, தடை, கோபம். 0.5 சதவீதம் ஒட்டுப்பசை ஆகவில்லை.


#8 தீப்பெட்டி

அவசரப்பட்டேன் என்று கணக்குப்பிள்ளை சொன்னதால் நிதானமாகவே எழுதுகிறேன்.

மேற்கு நாடுகள் கொடுக்கிற எல்லாமே அவர்களுக்கு என்பது என் கட்சி. ஆனால் ஒரு விதிவிலக்கை நானே சொல்கிறேன், தாசாரா ரயில். சாம்பியாவின் செம்பு வெளியே போக முக்கியப் பாதை ரொடீஷியா (இன்றைய ஜிம்பாப்வே) வழியாக, அங்கே வெள்ளையர் சிறுபான்மை ஆட்சி. தான்சானியாவின் நியரேரேவும் சாம்பியாவின் கவுண்டாவும் தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகத்துக்கு ஒரு ரயில் வேண்டும் என்று கேட்டபோது உலக வங்கி லாபம் வராது என்று கையை விரித்தது. ஏழை நாடாக இருந்த சீனா வட்டியில்லாக் கடன் கொடுத்து, ஆட்களையும் அனுப்பி, 1970-இல் தொடங்கி 1975-இல் 1,860 கிலோமீட்டர் போட்டு முடித்தது. ரொடீஷியா இடையில் 1973-இல் எல்லையை மூடியபோது அந்த ரயிலின் அருமை தெரிந்தது. அதற்குள் அரசியல் இருந்தது, ஆனால் அது அந்த இரண்டு நாடுகளின் அரசியல்.


#9 சாம்பேசிக்கரை

தாசாராவில் நான் போயிருக்கிறேன் தோழர். கபிரி ம்போஷியிலிருந்து. கால அட்டவணை என்ற ஒன்று சுவரில் தொங்கும், ரயில் தன் இஷ்டத்துக்கு வரும். ஜன்னலுக்கு வெளியே யானை பார்க்கலாம், சரக்கு பார்ப்பது கஷ்டம். ரொடீஷியா 1980-இல் ஜிம்பாப்வே ஆனது, தெற்கே பாதை திறந்தது, அத்தோடு அவசரம் தீர்ந்தது. பராமரிப்பு படுத்தது. இரண்டு அரசுக்கும் பாதிப் பாதி சொந்தம் என்றால் பழுது பார்க்க வேண்டியது எப்போதும் அடுத்தவன்! இப்போது மறுபடி சீனாதான் 100 கோடி டாலருக்கு மேல் போட்டுச் செப்பனிட வந்திருக்கிறது. மேற்கே அங்கோலாவின் லொபிட்டோ துறைமுகத்துக்குப் போகும் ரயிலுக்கு அமெரிக்காவும் ஐரோப்பாவும் காசு போடுகின்றன. எங்கள் செம்புக்கு இரண்டு மாப்பிள்ளை. இதில் ஒருங்கிணைப்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

உப்புமூட்டை சொன்னதில் எனக்கு ஒரு இடறல். எல்லாம் வெளியார் செய்த பிரிவினையா?


#10 மட்டுறுத்துநர்

நண்பர்களே, செம்பு, லொபிட்டோ பற்றித் தனி இழை ஏற்கனவே இருக்கிறது. எல்லை, உதவி என்ற கோட்டுக்குள் இருக்கலாமே.


#11 உப்புமூட்டை

இல்லை சாம்பேசிக்கரை, எல்லாம் வெளியார் வேலை என்று நான் சொல்லவில்லை, சொன்னால் கோழிக்குஞ்சுகள் மன்னிக்காது.

2017-இல் கென்யாவிலிருந்து நமங்கா வழியாக வந்த 6,400 ஒருநாள் கோழிக்குஞ்சுகளைத் தான்சானிய அதிகாரிகள் பறவைக் காய்ச்சல் பயம் என்று சொல்லிப் பெட்டியோடு எரித்தார்கள். அதே சமயம் மேய்ச்சலுக்கு எல்லை தாண்டி வந்த மசாய் மக்களின் மாடுகள் 1,300-ஐப் பிடித்து ஏலம் விட்டார்கள். மசாய்க்காரனுக்குக் கோடு எங்கே இருக்கிறது என்று மாடு சொல்லுமா? நாங்கள் அடுத்தவர் மாடு மேயும் நிலம் இல்லை என்று அப்போதைய தான்சானிய அதிபர் மகுஃபுலி பேசினார். இதில் கூத்து, அடுத்த வருடம் டிசம்பரில் இதே நமங்காவில் இதே மகுஃபுலியும் கென்யாட்டாவும் சேர்ந்து நாடா வெட்டி ஒரே நிறுத்தச் சாவடியைத் திறந்தார்கள். கணக்குப்பிள்ளை கேட்ட கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது.

கென்யாவும் யோக்கியம் இல்லை. 2021 மார்ச்சில் உகாண்டா, தான்சானியா மக்காச்சோளத்தில் பூஞ்சை நச்சு என்று ஒரே கடிதத்தில் இறக்குமதியை நிறுத்தியது. லாரிகள் எல்லையில் அப்படியே நின்றன. நச்சு உண்மையாகவே ஒரு பிரச்சினைதான், ஆனால் சோதித்துப் பிரித்து எடுக்காமல் மொத்தமாகத் தடை என்றால் அதன் பெயர் உணவுப் பாதுகாப்பு இல்லை. சில நாளில் நிபந்தனையோடு தளர்த்தினார்கள்.

வரியை எடுத்துவிட்டால் நச்சு வரும், நச்சு போனால் முத்திரை சரியில்லை என்பார்கள். எல்லைக்காரனுக்குக் காரணம் கிடைப்பதா கஷ்டம்.


#12 வேர்க்கடலை

இத்தனை கசப்புக்கு நடுவில் ருசுமோவைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

ககேரா ஆறு ருவாண்டாவுக்கும் தான்சானியாவுக்கும் நடுவில் ஒரு சின்ன அருவியாக விழும் இடம். ருவாண்டா இனப்படுகொலை நடந்த 1994 ஏப்ரல் கடைசியில் ஒரே நாளில் சுமார் இரண்டரை லட்சம் பேர் அந்த ஒற்றைப் பாலத்தைத் தாண்டி தான்சானியாவுக்கு ஓடிப்போனார்கள், கீழே ஆற்றில் உடல்கள் மிதந்து விக்டோரியா ஏரி வரை போயின. அந்தப் பழைய பாலத்தில் கனரக லாரி ஒன்று மட்டும், அதுவும் ஊர்ந்துதான் போக முடியும். பக்கத்தில் ஜப்பான் மானியத்தில் புதுப் பாலமும் இரண்டு பக்கமும் சாவடியும் கட்டி, 2016 ஏப்ரலில் ககாமேவும் மகுஃபுலியும் திறந்தார்கள். மேலே அருவிக்கு அருகில் 80 மெகாவாட் நீர்மின் நிலையம், உலக வங்கி 34 கோடி டாலர், மூன்று நாடுகளும், புருண்டியையும் சேர்த்து, சமபங்கு. ஒவ்வொருவருக்கும் 26 மெகாவாட் சொச்சம் வரும். தனியாக எந்த நாடும் கட்டியிருக்காது, ஏனென்றால் அந்த ஆறு ஒருவருக்கும் முழுசாகச் சொந்தம் இல்லை.

புருண்டிக்கும் ருவாண்டாவுக்கும் பேச்சுவார்த்தை அறுந்து, 2024 ஜனவரியில் புருண்டி மறுபடி எல்லையை மூடிவிட்டது தெரியும்தானே. ஆனால் ஒரே டர்பைன் அறையிலிருந்து மின்சாரம் இருவருக்கும் போகிறது. மின்கம்பிக்கு முத்திரை குத்த முடியாது!


#13 மூன்றாம்மாடி

வேர்க்கடலை சகோதரி, நல்ல உதாரணம். அப்போது விதி இதுதானோ: பங்கு போட்டால்தான் கிடைக்கும் என்கிற பொருளுக்குக் காசு கொடுத்தால் நிற்கும், ஆளுக்கொரு நாற்காலி போட்டால் நிற்காது.


#14 சாம்பேசிக்கரை

விதி எல்லாம் போட வேண்டாம் மூன்றாம்மாடி, தாசாராவும் பங்கு போட்ட பொருள்தான். :)


#15 கணக்குப்பிள்ளை

எல்லாருக்கும் நன்றி. என் கேள்வியை நானே கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். யார் காசு என்பதைவிட, காசு நின்றபின் யார் செலவு என்பதுதான் இப்போது அவசரம்.

அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி முகமையான யுஎஸ்எய்ட் 2025-இல் இழுத்து மூடப்பட்டது. பிரிட்டன் தன் உதவியை தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 2027-க்குள் 0.3-க்குக் குறைப்பதாக அறிவித்துவிட்டது. சாவடிக் கட்டடம் எங்கும் போகாது. ஆனால் சாவடி என்பது கட்டடமா? ஸ்கேனருக்கு வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், சர்வருக்கு உரிமக் கட்டணம், இரண்டு நாட்டுக் கணினியும் ஒன்றோடொன்று பேசுவதற்கு ஒரு இணைப்பு, கரன்ட் போனால் ஜெனரேட்டருக்கு டீசல். இந்த டீசல் சமாச்சாரம் ஒன்றுக்காக நான் கண்ணால் பார்த்த சண்டை இருக்கிறது, இடம் வேண்டாம். கட்டடம் இந்த நாட்டு மண்ணில், உள்ளே உட்கார்ந்திருப்பதில் பாதிப்பேர் அந்த நாட்டு ஆட்கள். டீசல் யார் போடுவது? ஒப்பந்தத்தில் "இரு தரப்பும் கலந்து" என்று ஒரு வரி இருக்கிறதாம். கலந்து முடிப்பதற்குள் பேட்டரி தீர்ந்து திரைகள் அணைந்துவிட்டன. அதிகாரிகள் இருட்டில் போன் வெளிச்சத்தில் லெட்ஜர் எழுதினார்கள், அந்த நேரத்தில் இரண்டு நாட்டுக்காரர்களும் நன்றாகவே சேர்ந்து வேலை பார்த்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே பேனா, மாற்றி மாற்றி.

கடைசியில் டீசல் வாங்கியது யார் என்று கேட்டால் சிரிப்பீர்கள். பின்னால் நின்ற லாரி முதலாளிகள் வசூல் பண்ணிக் கொடுத்தார்கள். எங்கள் பங்கை நான்தான் "இதர செலவு" என்று எழுதினேன், ஆடிட்டர் ரசீது கேட்டார்.

வேர்க்கடலை, அந்த மேசை பற்றி விசாரிக்கிறேன். அடுத்த மாதம் அந்தப் பக்கம் போகிற வேலை இருக்கிறது, ஊர்ப்பெயரைத் தனிமடலில் அனுப்புங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எங்கள் டிரைவரிடமிருந்து குரல்செய்தி. சிஸ்டம் இல்லையாம், முன்னால் நாற்பது வண்டியாம், எல்லாரும் டீ குடிக்கப் போயிருக்கிறார்களாம். அவருக்கும் டீக்குப் பணம் அனுப்பிவிட்டு வருகிறேன்.